பருத்திப் பூ முதல் மாத்திரை டப்பா வரை: குளித்தலை தந்த வேதியியல் மேதை சேஷாத்ரி

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகளின் பெட்டியில் முன்பெல்லாம் தைலம், போர்வை, பால் பவுடர், பேரீச்சம்பழம் இருக்கும். இப்போது அவற்றோடு ஒன்றிரண்டு மாத்திரை டப்பாக்களும் சேர்ந்து வருகின்றன. அத்தாவுக்கு ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட மகன் அங்குள்ள பெரிய கடையில் தேடி வாங்கியவை அவை. திராட்சை விதைச் சாறு, கிரீன் டீ சாறு, குவெர்செட்டின் என்று மேலே எழுதியிருக்கும். பக்கத்தில் ஓர் இதயத்தின் படம் இருக்கும். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது சிலர் அந்த டப்பாவை நம்மிடமே கொண்டுவந்து, இதன் மேலுறை ஜெலட்டினாமே, ஹலால்தானா ஹஜ்ரத் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதன் சட்டத்தைத் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் உறையைப் பற்றிக் கேட்கும் நம் மக்கள் உள்ளே இருக்கும் பொடியைப் பற்றிக் கேட்பதில்லையே என்பதுதான் நமக்குள்ள கவலை.

அந்தப் பொடிகளுக்குப் பொதுப்பெயர் ஃபிளாவனாய்டு. பூவுக்கும் பழத்துக்கும் இலைக்கும் மஞ்சள், சிவப்பு, ஊதா நிறங்களைத் தரும் பொருட்களில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. லத்தீன் மொழியில் மஞ்சளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். இன்று மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரியில் இடம்பிடித்துவிட்ட இந்தச் சொல்லைப் பொதுமக்கள் யாரும் கேள்விப்படாத காலத்தில், அந்தப் பொருட்களின் அமைப்பைக் கண்டறிவதற்கே 40 ஆண்டுகளுக்கு மேல் செலவிட்ட ஒரு மனிதர் நம் திருச்சி மண்ணில் பிறந்தார். பேராசிரியர் டி. ஆர். சேஷாத்ரி. திருச்சியில் பிறந்த இன்னொரு விஞ்ஞானியான சி. வி. ராமனை நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். சேஷாத்ரியை வேதியியல் முதுகலை படித்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியவில்லை. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் குளித்தலையில் பிறந்தார். இப்போது கரூர் மாவட்டத்தில் உள்ள அந்தக் காவிரிக்கரை ஊர் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. தகப்பனார் பள்ளி ஆசிரியர். ஐந்து ஆண்பிள்ளைகளில் சேஷாத்ரி மூன்றாமவர். வைணவ பிராமணக் குடும்பம். ஆசிரியர் சம்பளத்தில் ஐந்து பிள்ளைகளைப் படிக்கவைப்பது அன்றைக்கு எவ்வளவு பாரம் என்பதை நம்மூர் மக்தப் உஸ்தாதுகளின் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

பள்ளிப்படிப்பு ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் நடந்தது. கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை வழியாகத் துறையூர் போகும் சாலை இன்றும் உண்டு. திருவெள்ளறை என்றால் வெண்பாறை என்று பொருள். அந்தப் பாறைக்கு அப்பால் துறையூர், பெரம்பலூர்ப் பக்கம் போகப் போக நெல் குறைந்து பருத்தி வரும். பருத்திப் பூவைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காலையில் வெளிர் மஞ்சளாகவோ வெண்மையாகவோ விரியும் பூ அடுத்த நாள் இளஞ்சிவப்பாக மாறி வாடும். அந்த நிறத்துக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விதான் பிற்காலத்தில் சேஷாத்ரியின் பேரை உலகத்துக்குக் கொண்டுபோனது. சிறுவயதிலேயே அவர் பருத்திக் காட்டில் நின்று யோசித்தார் என்றெல்லாம் நாம் கதை கட்டப் போவதில்லை. பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது இப்படிக் கட்டிவிடுவது நம்மவர்களிடம் ஒரு வழக்கமாகிவிட்டது.

1917இல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் ஆனர்ஸ் சேர்ந்தார். கையில் காசில்லை. ராமகிருஷ்ண மடத்தின் மாணவர் இல்லம் தங்க இடமும் உதவியும் தந்தது. பட்டம் பெற்றதும் வேலை தேடி ஓடாமல், தன்னை ஆதரித்த அந்த நிறுவனத்திலேயே ஓராண்டு பணிபுரிந்துவிட்டுத்தான் ஆய்வுக்குத் திரும்பினார். வக்ஃபு நிலத்து வருமானத்திலும் ஜகாத் பணத்திலும் படித்து மேலே வந்த நம் சமுதாயப் பிள்ளைகள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிப்பது நல்லது.

மாநிலக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த ஆசான் வங்காளத்தைச் சேர்ந்த பிமன் பிஹாரி தே. இவர் கூமரின் என்னும் தாவரப் பொருட்களில் ஆய்வு செய்தவர். புதிதாக அறுத்த வைக்கோலில் ஓர் இனிய வாசனை வருமே, அதற்குக் காரணமான பொருள் கூமரின். அதன் குடும்பத்தில் ஏராளமான உறவுகள் உண்டு. சேஷாத்ரி தொடங்கியது இங்கேதான். கூமரினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இதய நோயாளிகளின் மாத்திரையோடு அது மறுபடியும் வரும்.

1927இல் சென்னை அரசின் உதவித்தொகையோடு இங்கிலாந்து புறப்பட்டார். மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சன் அவருடைய வழிகாட்டி. பூக்களின் சிவப்பு, நீல நிறங்களைத் தரும் ஆந்தோசயனின்களை ஆய்வகத்திலேயே செய்துகாட்டியவர் ராபின்சன். தாவரப் பொருட்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1947இல் நோபல் பரிசு பெற்றார். அவரிடம் மலேரியா மருந்துகளுக்கான பொருட்களிலும் நிறமிகளிலும் உழைத்து 1929இல் சேஷாத்ரி டாக்டர் பட்டம் பெற்றார்.

உடனே ஊர் திரும்பிவிடவில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகருக்குப் போய் ஃபிரிட்ஸ் பிரெகல் என்ற நோபல் அறிஞரிடம் நுண்பகுப்பாய்வு கற்றார். ஒரு பொருளில் கரி எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று பார்க்க முன்பு நிறையப் பொருள் தேவைப்பட்டது. சில மில்லிகிராம் இருந்தால் போதும் என்று ஆக்கியவர் பிரெகல். கூடை கூடையாகப் பூவைக் காய்ச்சி வடித்தாலும் தூய பொருளாகக் கிடைப்பது ஒரு சிட்டிகைதான். பின்னாளில் பூக்களை ஆராயப்போகும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு வேறு இருக்க முடியாது. பிறகு எடின்பரோவில் ஜார்ஜ் பார்ஜரிடம் தாவர ஆல்கலாய்டுகளில் சில காலம் வேலை செய்துவிட்டு 1930இல் இந்தியா வந்தார்.

இவ்வளவு படித்து வந்தவருக்கு இங்கே நாற்காலி காத்திருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொஞ்சகாலம் ஆய்வு உதவித்தொகை. அதன்பின் கோயம்புத்தூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண் பரிசோதனை வேலை. நோபல் அறிஞர்களோடு உழைத்துவிட்டு வந்து வயல் மண்ணைச் சலித்துப் பார்க்கும் வேலை! வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, தகுதிக்கேற்ற வேலை இல்லை என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறோம். சேஷாத்ரி அந்த வேலையையும் ஒழுங்காகச் செய்தார்.

1934இல் வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகம் அழைத்தது. பல்கலைக்கழகம் தொடங்கி எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. துணைவேந்தராக இருந்தவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன். வேதியியல் துறையையும் ஆய்வகத்தையும் ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையிலிருந்து சேஷாத்ரி கட்டி எழுப்பினார். 1937இல் பேராசிரியரானார்.

வால்டேரில் அவர் செய்த வேலையை விளங்கிக்கொள்ள ஃபிளாவனாய்டின் உருவத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் கலைப் பட்டதாரிகள். வேதியியல் நண்பர்கள் சொல்லித்தர விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறோம். இரண்டு சக்கரங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் ஆறு கரி அணுக்கள். இரண்டையும் மூன்று கரி அணுக்கள் கொண்ட ஓர் அச்சு இணைக்கிறது. ஆக மொத்தம் 15. வெங்காயத்தில் இருப்பதும் தேயிலையில் இருப்பதும் ஆரஞ்சுத் தோலில் இருப்பதும் அடிப்படையில் இந்த ஒரே வண்டிதான். சக்கரத்தின் எந்தப் பல்லில் ஆக்ஸிஜன் ஒட்டியிருக்கிறது, அதன்மேல் சர்க்கரை கட்டியிருக்கிறதா இல்லையா என்பதில்தான் ஒன்று மற்றொன்றிலிருந்து வேறாகிறது. நிறம் மாறுவதும் அதனால்தான். உடலுக்குள் போனபின் நடந்துகொள்ளும் விதம் மாறுவதும் அதனால்தான்.

பருத்திப் பூவில் கோசிபெட்டின் என்ற மஞ்சள் பொருள் இருப்பதை ஏ. ஜி. பெர்கின் என்ற ஆங்கில அறிஞர் முன்பே கண்டிருந்தார். சேஷாத்ரியும் அவருடைய மாணவர்கள் கே. நீலகண்டம், பி. சூரியபிரகாச ராவ் ஆகியோரும் நம் நாட்டுப் பருத்தி இனங்களையும், கோவைப் பக்கம் பேர்பெற்ற கம்போடியாப் பருத்தியையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் பூவிலும் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றில் குவெர்செட்டின் அதிகம், மற்றொன்றில் கோசிபெட்டின் அதிகம். சர்க்கரை ஒட்டியிருக்கும் இடமும் வேறு வேறு. கோசிப்பின் என்று இன்று உலகம் அறிந்த பொருள் இந்த வேலையில் வெளிவந்தது.

பருத்தியோடு நிற்கவில்லை. பருத்தியின் உறவுக்காரச் செடிகள் எல்லாம் ஆய்வகத்துக்கு வந்தன. நாம் பள்ளிக்கூடத்தில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோமே, அந்தப் பூவரசின் மஞ்சள் பூவிலிருந்து பொப்புல்னின் கிடைத்தது. ஆந்திரத்தவர் கோங்கூரா என்று ஊறுகாய் போடும் புளிச்சக்கீரை இனங்களின் பூவிலிருந்து ஹிபிசெட்டின், கன்னாபிசெட்டின் என்ற பொருட்கள் கிடைத்தன. புங்கன் விதை எண்ணெயிலிருந்து எஸ். ரங்கஸ்வாமியும் அவரும் பொங்கமால் என்ற பொருளைப் பிரித்தார்கள். துலுக்கச் சாமந்தியின் நிறமியான குவெர்செடாஜெட்டினும் அவர்களுடைய ஆய்வில் அடிக்கடி வரும் பெயர். அந்தப் பூவுக்குத் தமிழில் யார், எதற்காக நம்மவர் பேரை வைத்தார்கள் என்பது தனியே ஆராய வேண்டிய விஷயம்.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது நமக்கு ஒன்று படுகிறது. விலை கொடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய பொருள் இதில் ஒன்றுகூட இல்லை. வேலியோரத்திலும் வயலிலும் உதிர்ந்து வீணாகும் பூக்கள்தான். வசதி குறைந்த ஒரு புதிய பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துகொண்டு உலகத் தரத்தில் வேலை செய்ய இதைவிடப் புத்திசாலித்தனமான வழி இல்லை.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் ஆழமானது. செடி இவற்றை எப்படிச் செய்கிறது? குவெர்செட்டினில் ஓர் இடத்தில் ஓர் ஆக்ஸிஜன் கூடினால் கோசிபெட்டின். வேறோர் இடத்தில் கூடினால் சாமந்தியின் குவெர்செடாஜெட்டின். அப்படியானால் செடி முதலில் எளிய பொருளைச் செய்துவிட்டு அதன்மேல் ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டே போகிறதா? இதைப் பேச்சோடு விடாமல், ஆய்வகத்தில் பெர்சல்ஃபேட் என்ற உப்பைக் கொண்டு எளிய ஃபிளாவோனில் ஆக்ஸிஜனை வேண்டிய இடத்தில் ஏற்றிக்காட்டினார். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த இந்தக் கட்டுரை வரிசைதான் அவரை உலக வேதியியலார் நடுவே நிறுத்தியது.

அவர் வால்டேரில் பூக்களைக் காய்ச்சிக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஹங்கேரியில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்ற அறிஞர் வேறொரு பக்கத்திலிருந்து இதே பொருட்களைத் தொட்டார். நுண்ணிய ரத்தக்குழாய்கள் பலவீனமாகி ரத்தம் கசியும் நோயாளிகளுக்குத் தூய வைட்டமின் சி கொடுத்தும் பலன் இல்லாத இடத்தில், எலுமிச்சைச் சாறு பலன் தந்ததாகக் கண்டார். எலுமிச்சையில் உள்ள ஃபிளாவனாய்டுதான் காரணம் என்று கருதி 1936இல் அதற்கு வைட்டமின் பி என்று பேர் வைத்தார். நாம் சத்து மாத்திரையில் சாப்பிடும் பி காம்ப்ளெக்ஸ் வேறு, இது வேறு. இரத்தக்குழாய்க்கும் ஃபிளாவனாய்டுக்கும் முடிச்சுப் போடப்பட்டது அன்றுதான். அடுத்த ஆண்டே அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த வைட்டமின் நிலைக்கவில்லை. இது இல்லாவிட்டால் இன்ன நோய் வரும் என்று நிரூபிக்க யாராலும் முடியவில்லை. 1950 வாக்கில் அந்தப் பெயரைக் கைவிடும்படி அறிஞர்களே சொல்லிவிட்டார்கள். டப்பாவில் இதயப் படம் அச்சிடும் கடைக்காரர்களுக்கு இந்தப் பழைய கதை தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார்கள்.

இதற்கிடையே போர் வந்தது. 1942 ஏப்ரல் 6ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு வீசின. வால்டேர் பல்கலைக்கழகக் கட்டடங்கள் ராணுவத்தின் கைக்குப் போயின. பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. எட்டு ஆண்டு உழைத்து உருவாக்கிய ஆய்வகத்தைக் கழற்றி மூட்டை கட்ட வேண்டிய நிலை. ஆச்சரியம் என்னவென்றால் அந்த ஆண்டுகளிலும் அவருடைய கட்டுரைகள் நிற்கவில்லை. புளிச்சக்கீரைப் பூவின் ஹிபிசெட்டினும் புங்கனின் பொங்கமாலும் வெளிவந்தது 1942இல்தான்.

1949இல் டெல்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மாரிஸ் குவையர் அழைத்து, வேதியியல் துறைத் தலைமையை ஒப்படைத்தார். மறுபடியும் முதலிலிருந்து ஒரு துறையைக் கட்டினார். டெல்லியில் அவருடைய ஆர்வம் மரங்களின் வைரப்பகுதிக்கும் கல்பாசிக்கும் விரிந்தது. செம்மரத்தின் சிவப்பு எங்கிருந்து வருகிறது, வேங்கை மரத்தில் என்ன இருக்கிறது என்றெல்லாம் ஆராய்ந்தார். பிரியாணி மசாலாவில் நம் வீட்டுப் பெண்கள் போடும் கல்பாசியின் இனங்களையும் விடவில்லை. வால்டேர் காலத்திலேயே தொடங்கிய அந்த வேலையில், இந்தியப் பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் வளரும் லைக்கன்கள் ஒவ்வொன்றிலும் எந்த அமிலம், எந்த நிறமி என்று கணக்கெடுத்தார்.

1960இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1963இல் பத்மபூஷண். 1967இல் ஹைதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1965இல் ஓய்வு பெற்றும் ஆய்வகத்தை விடவில்லை. மதிப்புறு பேராசிரியராகத் தொடர்ந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள், 150க்கும் மேற்பட்ட டாக்டர் பட்ட மாணவர்கள் என்று அவர் கணக்கு நீள்கிறது. நம்முடைய மரபில் ஓர் ஆலிமை அவர் எழுதிய கிதாபை வைத்து மட்டும் அளப்பதில்லை. அவரிடம் சனது பெற்றவர்களை வைத்தும் அளப்போம். அந்த அளவுகோலில் வைத்தால் இவரை எட்டக்கூடியவர்கள் இந்திய வேதியியலில் மிகக் குறைவு.

அந்த மாணவர்களில் ஒருவரை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். எல். ராமச்சந்திர ராவ். ஆந்திரப் பல்கலைக்கழகத்திலேயே தங்கி, மருது மர இனங்களை எடுத்துக்கொண்டார். காவிரிக்கரையில் நம் கண்ணெதிரே நிற்கும் நீர்மருது ஆயுர்வேதத்தில் நெடுங்காலமாக இதயத்துக்குச் சொல்லப்பட்டு வரும் மரம். அதன் பட்டையிலிருந்து அர்ஜுனிக் அமிலம் என்ற பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1970இல் அவருடைய குழு வெளியிட்டது. அது ஃபிளாவனாய்டு இல்லை, வேறு குடும்பம். ஆனால் குருவிடம் கற்ற முறை அதேதான்: மருந்து என்று ஊர் சொன்னால் நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பிரித்துப் பார்.

1975 செப்டம்பர் 27ஆம் நாள் சேஷாத்ரி மறைந்தார். அவர் பெயரில் இந்திய தேசிய அறிவியல் கழகம் ஒரு பதக்கத்தை ஏற்படுத்தியது. தன் வாழ்நாள் முழுவதும் பார்த்த பொருட்கள் மாத்திரையாக விற்கப்படும் காலத்தை அவர் காணவில்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான் நம் குடும்பங்கள் அறிய வேண்டும்.

1993இல் நெதர்லாந்தின் சுட்பன் நகரில் நடந்த ஆய்வு வெளியானது. 65 முதல் 84 வயது வரை உள்ள 805 ஆண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று குறித்துவைத்து ஐந்தாண்டு கவனித்தார்கள். உணவில் ஃபிளாவனாய்டு அதிகம் சேர்த்தவர்களில் இதய நோய் மரணம், குறைவாகச் சேர்த்தவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. அவர்களுக்கு அது எதிலிருந்து கிடைத்தது? தேநீர், வெங்காயம், ஆப்பிள். மாத்திரை அல்ல. சில ஆண்டுகள் கழித்து வேல்ஸ் நாட்டின் கேர்ஃபிலி ஊரில் அதே ஆய்வாளர்கள் பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. அங்கே எல்லோரும் நம்மைப் போலப் பால் ஊற்றித் தேநீர் குடிப்பவர்கள். பால்தான் காரணமா, அல்லது அவர்களின் மற்றப் பழக்கவழக்கங்களா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. தேநீர் குடிப்பவர் புகைப்பவராக இருக்கலாம். ஆப்பிள் சாப்பிடுபவர் தினமும் நடப்பவராக இருக்கலாம். பார்த்துக் குறிக்கும் ஆய்வில் இதைப் பிரித்தெடுப்பது கடினம்.

எனவே மாத்திரையையே கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 21,442 முதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குத் தினம் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளாவனாலும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் மூன்றரை ஆண்டுக்கு மேல் கொடுத்தார்கள். முடிவு 2022இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் முதலிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 10 சதவீதம் குறைவு. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. இதயநோய் மரணம் மட்டும் 27 சதவீதம் குறைந்திருந்தது. இது முதன்மைக் கேள்வியாக வைக்கப்படாததால் இன்னும் உறுதி செய்யப்பட வேண்டிய விஷயம். பொருளுதவி செய்தவர்களில் ஒரு சாக்லேட் நிறுவனமும் உண்டு. நம்பிக்கை தரும் செய்தி என்று சொல்லலாம். ஸ்டென்ட் வைத்தவர் தன் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாம் என்று எவரும் சொல்லவில்லை. அந்த ஆய்விலும் அவரவர் மருந்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

உம்ரா சென்றவர்கள் அங்கே கர்கதே என்ற சிவப்புப் பானத்தைக் குடித்திருப்பார்கள். சேஷாத்ரி பூவை ஆராய்ந்தாரே, அந்தப் புளிச்சக்கீரை இனத்தின் காய்ந்த புல்லிவட்டம்தான் அது. லேசான ரத்த அழுத்தம் உள்ள, அதற்கு மருந்து எடுக்காத 65 பேருக்குத் தினம் மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் கொடுத்ததில் மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது. 2010இல் வந்த ஆய்வு. சீனி போடாமல் குடித்தால் நல்ல பானம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் அதோடு இதையும் அதிகமாகக் குடித்தால் அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கவும் கூடும் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்போது கூமரினுக்கு வருவோம். 1989இல் கனடாவில் டேவிட் பெய்லி என்பவர் ரத்த அழுத்த மருந்து ஒன்று மதுவோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பரிசோதித்தார். மதுவின் சுவை தெரியாமல் இருக்கக் கிரேப்ஃபுரூட் சாறு கலந்தார். பார்த்தால், ரத்தத்தில் மருந்தின் அளவை மது மாற்றவில்லை. சாறுதான் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பல மடங்கு ஏற்றிவிட்டது! குடலில் மருந்தை உடைக்கும் ஒரு நொதியை அந்தச் சாறு முடக்குகிறது. முதலில் பழத்தின் ஃபிளாவனாய்டைச் சந்தேகித்தார்கள். பிறகு முக்கியக் குற்றவாளி ஃபியூரனோகூமரின் என்று தெரிந்தது. சேஷாத்ரியின் ஆசான் தே ஆராய்ந்த அதே கூமரின் குடும்பம். நம் ஊர்ப் பம்பளிமாஸ் பழத்திலும் அது உண்டு. கொழுப்பைக் குறைக்கும் சில ஸ்டேட்டின் மாத்திரைகளும் இந்த வலையில் வருகின்றன. செடியிலிருந்து வந்தது, ஆகவே கெடுதல் செய்யாது என்று நம் பெரியவர்கள் அப்பாவியாகச் சொல்லும்போது இந்தச் சம்பவம்தான் நமக்கு நினைவு வருகிறது.

கிரீன் டீயும் அப்படியே. கோப்பையில் குடிக்கும்போது பயம் இல்லை. அதன் சாரத்தை மாத்திரையாக்கி, அதிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருளைத் தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிடுபவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பின் அறிகுறி தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்றவை எடுப்பவர்கள் எந்தச் சாரத்தையும் தாமாகத் தொடங்கக்கூடாது. இந்தியாவில் முறைப்படி விற்கப்படும் இத்தகைய டப்பாக்களில், இது மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுத் தேடிப் பாருங்கள்.

வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் தனியாக இல்லை. சர்க்கரையோடு பிணைந்து இருக்கிறது. அந்தப் பிணைப்பு இருப்பதால் குடல் அதை நன்றாக உறிஞ்சுகிறது என்றும், மாத்திரையில் வரும் தனிக் குவெர்செட்டின் அந்த அளவுக்கு உறிஞ்சப்படுவதில்லை என்றும் 1990களில் நெதர்லாந்து அறிஞர்கள் கண்டார்கள். பூவரசம் பூவிலும் பருத்திப் பூவிலும் சர்க்கரை எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று சேஷாத்ரி அவ்வளவு பாடுபட்டுத் தேடியது ஏன் என்று புரியாதவர்களுக்கு இது விடையாக இருக்கலாம். குழம்புக்குத் தினம் உரிக்கும் சின்ன வெங்காயம் அந்த விதத்தில் விலையுயர்ந்த டப்பாவுக்குச் சளைத்ததல்ல. முருங்கைக்கீரையிலும் குவெர்செட்டின் நிறையவே இருக்கிறது.

பருத்திப் பூவின் கோசிப்பினை இன்றும் பல ஆய்வகங்களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வருகிறார்கள். வீக்கம், வலி, சர்க்கரை என்று பலவற்றில் நல்ல அறிகுறிகள் எழுதப்பட்டுள்ளன. மனிதர்களிடம் பெரிய அளவில் இன்னும் சோதிக்கவில்லை.